ஒன்பதாவது டிராகன் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனாவின் சிங் வம்ச அரசவை அங்கி ஒன்றின் முன்பக்க, பின்பக்கப் படங்களைப் பார்த்தேன். நீலப் பட்டு, பொன் ஜரிகை டிராகன்கள். ‘பேரரசரின் ஒன்பது டிராகன் அங்கி’ என்று குறிப்பு. எனக்கு எட்டுதான் எண்ண வருகிறது. குறிப்பு தவறா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஒன்பதாவது உள்ளே இருக்கிறது. முன்பக்க மேல்மடிப்பு வலப்புறம் வந்து பொத்தானில் முடியும். அதன் அடியில் மறையும் உள்மடிப்பில் அதைத் தைத்திருப்பார்கள். மார்பிலும் முதுகிலும் ஒவ்வொன்று, தோள்களில் இரண்டு, கீழ்ப்பகுதியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. தோளில் உள்ளவை இருபுறமும் தெரிவதால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஐந்து. ஒன்பதும் ஐந்தும் அரசனுக்குரிய எண்கள்.

ஆனால் ‘பேரரசரின்’ என்ற சொல்லை அப்படியே ஏற்க முடியாது. ஒன்பது டிராகன்களை இளவரசர்களும் உயர் அதிகாரிகளும் அணிந்தார்கள். நிறமும் முடிவு சொல்லாது. வானத்துக்கான வழிபாட்டில் பேரரசரும் நீலம் உடுத்துவார். டிராகனின் ஒவ்வொரு காலிலும் உள்ள நகங்களை எண்ணலாம். ஐந்து என்றால் அரச டிராகன், நான்கு என்றால் ஒரு படி கீழ். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. ஐந்தாவது நகத்தைப் பிரித்தெடுத்த அங்கிகளும் உண்டு. அங்கே பழைய ஊசித் துளைகள் தெரியும்.

நம்பத்தக்க அடையாளம், சியன்லோங் பேரரசர் 1759இல் வகுத்த உடை விதிகள் அரசனுக்கென்று வைத்த பன்னிரண்டு சின்னங்கள். அணிபவரின் இடத் தோளில் சூரியன், அதற்குள் சேவல். வலத் தோளில் சந்திரன், அதற்குள் மருந்து இடிக்கும் முயல் (நிலவில் முயலை நாமும் கண்டவர்கள்தானே). கழுத்துக்குக் கீழே மூன்று விண்மீன்கள், முதுகில் மலை. மற்றவை இடுப்பிலும் கீழும் வரும்.

இங்கும் ஏமாற்று உண்டு. விலையை ஏற்றப் பிற்காலத்தில் சின்னங்களைச் சேர்த்துத் தைத்தார்கள். அசல் அங்கியில் முழு வடிவத்தையும் பட்டில் வரைந்து, பூவேலை முடித்து, பிறகே வெட்டித் தைப்பார்கள். அதனால் மேகங்கள் சின்னத்துக்கு இடம்விட்டு விலகி ஓடும். பின்னால் சேர்த்த சின்னம் மேகத்தின்மேல் ஏறி நிற்கும்.

ஜரிகையையும் பாருங்கள். தங்கம் பூசிய காகிதத்தைக் கீற்றாக வெட்டிப் பட்டு நூலில் சுற்றியது அது. துணிக்குள் இழுத்தால் காகிதம் உரியும். எனவே மேலே கிடத்தி, மெல்லிய நூலால் சிறு இடைவெளிகளில் பிடித்துத் தைப்பார்கள். அந்த நூல் அறுந்தால் ஜரிகை வளையமாக எழும்பும்.

காலத்தைக் கணிக்கக் கீழ்விளிம்பு உதவும். ஆழ்கடலைக் குறிக்கும் சாய்கோட்டுப் பட்டை, 18ஆம் நூற்றாண்டு அங்கிகளில் குட்டை; 19இன் இறுதியில் மிக உயரம். கண்ணைப் பறிக்கும் ஊதா இருந்தால் செயற்கைச் சாயம். அது 1856க்குப் பிந்தியது.

அங்கியை வைத்திருப்பவரிடம் தோள்களை நெருங்கி எடுத்த படமும் உள்மடிப்பின் படமும் கேளுங்கள். கீழே எத்தனை பிளவுகள் என்றும் கேளுங்கள்: அரச குலத்து ஆண்களுக்கு நான்கு, மற்ற ஆண்களுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு.