மணலில் ஆறு வாரம் குதித்தும் வாலிபால் ஸ்பைக் உயரம் கூடவில்லை என்றால்

வாரத்தில் இரண்டு நாள் குதிப்புப் பயிற்சியை மரத்தரைக்கு மாற்றுங்கள்; மணலை முழுவதும் விட வேண்டாம். ஆறு வாரம் மணலிலேயே குதித்தும் உள்ளரங்கில் ஸ்பைக் (எம்பிப் பந்தை எதிரணிப் பக்கம் ஓங்கி அடிப்பது) உயரம் அப்படியே நிற்பதற்குக் காரணம், பெரும்பாலும் கால் தரையில் அதிக நேரம் தங்கிப் பழகுவதுதான்.

மணலில் உந்தும்போது பாதம் புதைகிறது, மணல் பின்னுக்குச் சரிகிறது. கொடுத்த விசையில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். தசை வலுக்கும், ஆனால் தசைநாண் சுருள்வில் போல இழுபட்டு உடனே மீள்வதற்கு அங்கே வாய்ப்புக் குறைவு. ஓடிவந்து எம்பும் ஸ்பைக்குக்கு வேண்டியதோ அதுதான்.

ஒரு சோதனை. மரத்தரையில், விரல் நுனியில் சாக்பீஸ் தூள் தடவிச் சுவரோரம் நில்லுங்கள். முதலில் அரைக்குந்தலில் இரண்டு விநாடி அசையாமல் இருந்து குதியுங்கள். பிறகு சட்டென்று தாழ்ந்து எழும்புங்கள். மூன்று மூன்று முறை. இரண்டு குறிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தால், குறை வலுவில் இல்லை, மீள்வதில். (மணலில் அளந்த உயரத்தோடு ஒப்பிடாதீர்கள், அங்கே எப்போதும் குறைவாகத்தான் வரும்.)

தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 40 குதிப்புகள் போதும். சிமெண்ட் தரை வேண்டவே வேண்டாம். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி மறுநாள் காலையும் இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். நீடித்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.