கிருமி இல்லாமலும் காய்ச்சல் வரும்: வாசகர் கேள்வி-பதில்

வாசகி, வெள்ளவத்தை: மகனுக்கு நாலு வயது. மாதம் ஒருமுறை கடும் காய்ச்சல், வாய்ப்புண், தொண்டைநோவு, கழுத்தில் நெறிகட்டுதல். ஒவ்வொரு முறையும் அன்டிபயோட்டிக் தருகிறார்கள், நாலைந்து நாளில் சுகமாகிவிடும். மற்ற நாட்களில் ஓடியாடித் திரிகிறான், எடையும் சரியாகக் கூடுகிறது. பிள்ளைக்கு எதிர்ப்புச்சக்தி குறைவா?

அப்படித் தோன்றவில்லை அம்மா. எதிர்ப்புச்சக்தி குறைந்த பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப நியூமோனியா வரும், காதில் சீழ் வடியும், எடை ஏறாது. உங்கள் மகன் நன்றாக வளர்கிறான். ஐந்து வயதுக்குள் தொடங்கி, 3 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை வந்து, சில நாட்களில் தானாக இறங்கும் இப்படியான காய்ச்சலை மருத்துவர்கள் பி.எஃப்.ஏ.பி.ஏ. என்பார்கள். இதில் உடலின் பிறவிப் பாதுகாப்பு கிருமி இல்லாத நேரத்திலும் கிளம்பிவிடுகிறது. காய்ச்சல் இறங்கும் நாளும் மருந்துப் போத்தல் முடியும் நாளும் ஒன்றாக வருவதால், அன்டிபயோட்டிக்தான் சுகமாக்கியது என்று நம்பிவிடுகிறோம். ஒரு சின்னப் பிள்ளை மாதாமாதம் தேவையில்லாத மருந்து குடிப்பது எனக்குப் பெரிய கவலை.

அதற்காக, கொழும்பில் இருந்துகொண்டு "வழக்கமான காய்ச்சல்தானே" என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் டெங்கு இருக்கலாம் என்றே தொடங்குங்கள். மூன்றாம் நாளில் எஃப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) பாருங்கள். அளவோடு பனடோல் மட்டும் போதும். இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம். சிறுநீரையும் ஒருமுறை சோதியுங்கள். எஃப்.பி.சி.யில் வெள்ளணுக்களின் கணக்கும் முக்கியம், ஏனென்றால் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை குறைந்து இதே மாதிரி காய்ச்சல் தரும் வேறொரு நோயும் உண்டு.

அப்புறம் ஒரு கொப்பி போடுங்கள். திகதி, எத்தனை பாகை, வாயில் புண் உண்டா, எப்போது இறங்கியது என்று எழுதி வையுங்கள். உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனையைக் காய்ச்சலில் ஒருமுறையும், பிள்ளை நன்றாக இருக்கும்போது ஒருமுறையும் செய்யுங்கள். சுகமான நாளில் அது சாதாரண அளவுக்கு வந்தால் ஆறுதல். சி.ஆர்.பி. இறங்காமல் நின்றாலோ, மூட்டு வீங்கினாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ, வளர்ச்சி நின்றாலோ காத்திருக்க வேண்டாம். கொப்பியோடு குழந்தைநல நிபுணரிடம் போங்கள். லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் காட்டலாம். ஒரேயொரு வேளை ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து இந்தக் காய்ச்சலைப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் நிறுத்திவிடும். ஆனால் அடுத்த காய்ச்சல் சீக்கிரமே வரக்கூடும், அதனால் பார்மசியில் நீங்களாக வாங்காதீர்கள்.

ஏ.எல். மாணவன், கொட்டாஞ்சேனை: இன்ஃப்ளமசோம் என்பது என்ன?

ஆபத்து வந்தால் கலத்துக்குள் புரதங்கள் ஒன்றுசேர்ந்து, அழற்சியைத் தொடக்கிவைக்கும் கூட்டமைப்பு அது. நிரந்தரமாக இருக்கும் உறுப்பு அல்ல தம்பி. கிருமியை விழுங்கும் மெக்ரோஃபேஜ் போன்ற கலங்களுக்குள் அதன் பாகங்கள் தனித்தனியே கிடக்கும். ஆபத்தை உணரும் புரதம் விழித்ததும் ஏ.எஸ்.சி. என்ற இணைப்புப் புரதம் ஒட்டும், அதில் காஸ்பேஸ்-1 வந்து சேரும். அந்த நொதி இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-18 என்ற அழற்சியைத் தூண்டும் புரதங்கள் இரண்டையும் வெட்டிச் செயல்பட வைக்கும். கேஸ்டெர்மின் டி என்ற புரதத்தையும் வெட்டும். அது கலமென்சவ்வில் துளை போட, கலம் வெடித்துச் சாகும், இன்டர்லூக்கின் வெளியே கொட்டும், காய்ச்சல் ஏறும். 2002இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் யூர்க் ட்ஷோப்பின் குழு இதற்குப் பெயர் வைத்தது.

உணரும் புரதங்கள் பல. என்.எல்.ஆர்.சி.4 சல்மொனெல்லா பக்டீரியாவின் சவுக்குமுளைப் புரதத்தால் தூண்டப்படும். எய்ம்2 கலத்துக்குள் இருக்கக்கூடாத இடத்தில் டி.என்.ஏ.யைக் கண்டால் எழும். என்.எல்.ஆர்.பி.3 பலவற்றுக்கும் எழும், பொதுவாகக் கலத்திலிருந்து பொட்டாசியம் வெளியேறும்போது. இந்தப் புரதங்களின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும், கிருமியே இல்லாமல் எல்லாம் தொடங்கிவிடலாம். இவைதான் தன்னழற்சி நோய்கள். லூபஸ் என்ற நோய் வேறு கணக்கு. அங்கே சொந்த உடலை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் உருவாகின்றன.

வியாபாரி, புறக்கோட்டை: பெருவிரலில் இரவில் நெருப்பு மாதிரி வலி, பெட்ஷீட் பட்டாலே தாங்காது. யூரிக் அமிலம் சாதாரணம் என்று ரிப்போர்ட். கார்த்திகைப்பூக் கிழங்கை இடித்துக் குடித்தால் போகும் என்கிறார் நண்பர்.

தயவுசெய்து தொடாதீர்கள் ஐயா. கவுட் என்ற மூட்டுவாத நோயின் மருந்தான கோல்ச்சிசின் அந்தச் செடியிலும் இருப்பது உண்மை. ஆனால் ஒரு துண்டில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வற்றாளை என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டவர்கள் நம் நாட்டில் இறந்திருக்கிறார்கள். முதலில் வாந்தி, வயிற்றோட்டம். பிறகு சிறுநீரகமும் எலும்பு மச்சையும் செயலிழக்கும். அதை முறிக்கும் மருந்து வைத்தியசாலைகளில் கைவசம் இல்லை.

வலி உள்ள நேரத்தில் யூரிக் அமிலம் சாதாரணமாகக் காட்டலாம். வலி தணிந்து இரண்டு கிழமைக்குப் பின் திரும்பப் பாருங்கள். மூட்டுக்குள் படியும் யூரேட் பளிங்குகள் மேலே சொன்ன என்.எல்.ஆர்.பி.3ஐக் கிளப்புகின்றன என்று 2006இல் அதே லோசான் குழு காட்டியது. கிருமி இல்லாமலே விரல் சிவந்து கொதிப்பது இதனால்தான். கோல்ச்சிசின் மாத்திரையை அளவோடு மருத்துவர் தருவார். சிறுநீரக வருத்தம் இருந்தாலோ கிளரித்ரோமைசின் எடுத்தாலோ கட்டாயம் சொல்லுங்கள்.

வாசகி, கொள்ளுப்பிட்டி: ஒஃபிஸ் ஏ.சி.யில் இருந்தால் தடிப்பு. இது தன்னழற்சி நோயா?

குளிர் பட்ட இடத்தில் சில நிமிடத்தில் எழும்பி ஒரு மணித்தியாலத்தில் மறைந்தால், சாதாரணக் குளிர் ஒவ்வாமைதான். உடம்பு முழுதும் குளிர்ந்து, ஓரிரு மணித்தியாலம் கழித்துத் தடிப்போடு காய்ச்சல், மூட்டுநோவு, கண்சிவப்பு வந்து, அப்பாவுக்கும் அப்படியே இருந்தால், என்.எல்.ஆர்.பி.3 மரபணு மாற்றத்தை யோசிக்கலாம். 2001இல் கண்டுபிடித்தது. மிக அரிது.

வாசகர், தெஹிவளை: எனக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. அழற்சியை நிறுத்தும் ஊசி நல்லதாமே?

மாரடைப்பு வந்த 10,061 பேரில் கனாகினுமாப் என்ற ஊசியைச் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். அது இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுப்பது. கொலஸ்ட்ரோல் குறையாமலே மறுபடி மாரடைப்பு வருவது குறைந்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின, இதயத்துக்கு அது அனுமதி பெறவில்லை. கொலஸ்ட்ரோலுக்கு நீங்கள் எடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை விடாமல் போடுங்கள்.