நீண்ட கட்டுரைக்கு யார் பணம் தருகிறார்கள்?

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

'கேரவன்' ஆங்கில இதழைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். நீளமாக வாசிக்கும் பழக்கம் அழிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லும் காலத்தில், பத்தாயிரம் சொற்களைத் தாண்டும் செய்திக்கட்டுரைகளை வெளியிடும் ஒரு மாத இதழ் எப்படி நிலைத்திருக்கிறது? சில தனிமனிதர்களின் துணிச்சல்தான் காரணமா? தமிழில் அத்தகைய இதழ் ஏன் உருவாகவில்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துணிச்சல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை முதற்காரணமாக வைத்தால் அந்த இதழின் வரலாற்றில் பாதி கண்ணில் படாமல் போய்விடும்.

விஸ்வநாத் 1939இல் டெல்லி பிரஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கிருந்து வந்த முதல் இதழ், 1940இல் வெளியான 'கேரவன்'. 1945இல் 'சரிதா' என்ற இந்தி இதழ் வந்தது. பின்னர் குழந்தைகளுக்கான 'சம்பக்', ஆங்கிலத்தில் 'வுமன்ஸ் எரா', பெண்களுக்கான 'கிருஹஷோபா' என்று அந்த நிறுவனம் பெருகியது. 'கிருஹஷோபா' தமிழிலும் வந்திருப்பதால் நம் வாசகர்கள் பலர் அதை அறிவார்கள். இப்பெருக்கத்தின் நடுவே மூத்த பிள்ளையான 'கேரவன்' 1988இல் நிறுத்தப்பட்டது. நிறுவனம் செழிப்பாக இருந்தபோதே அது நின்றது என்பதைக் கவனியுங்கள்.

இருபதாண்டு இடைவெளிக்குப் பிறகு, நிறுவனரின் பேரன் அனந்த் நாத் அதை மீட்டெடுத்தார். வினோத் கே. ஜோஸ் நிர்வாக ஆசிரியராகப் பொறுப்பேற்க, 2010 முதல் அரசியலுக்கும் பண்பாட்டுக்குமான மாத இதழாக அது மறுபிறவி எடுத்தது. உலகெங்கும் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்துக்கொண்டும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டும் இருந்த நேரம் அது. அந்நேரத்தில் இப்படியொரு முயற்சியில் இறங்க முடிந்ததற்கு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அச்சகமும், ஊர் ஊராக இருந்த முகவர்களும், குடும்ப இதழ்களின் நிலையான விற்பனையும் பின்னால் இருந்ததே காரணம் என்று நான் கருதுகிறேன். சமையற்குறிப்பு இதழ்களை ஏளனம் செய்யும் அறிவுஜீவிகள் இதைச் சற்று யோசிக்கலாம். அரசின் உரிமம் வேண்டிக் காத்திருக்கும் சுரங்கமோ மின்நிலையமோ இல்லாத, இதழ்களை அச்சிட்டு விற்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பம் அதன் உரிமையாளர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் இதழின் சுதந்திரத்தை அதன் தலையங்கத்தில் தேடுவதைவிட, உரிமையாளர் வேறு என்ன தொழில் செய்கிறார் என்று விசாரிப்பது பயன்தரும்.

நீண்ட கட்டுரையில் நீளம் மலிவான பொருள். காகிதமும் மையும் பெரிய செலவல்ல. செய்தியாளர் ஒருவர் பல மாதங்கள் ஒரே விஷயத்தைத் தொடரும்போது அவருக்குச் சம்பளம் போய்க்கொண்டிருக்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்ததை ஆசிரியர் பலமுறை திருப்பி அனுப்புவார். அதன்பின் தகவல் சரிபார்ப்பாளர் ஒவ்வொரு பெயரையும் தேதியையும் மேற்கோளையும் தனியே விசாரிப்பார். இந்தியப் பத்திரிகைகளில் இதற்கெனத் தனி ஆட்களை வைத்திருப்பது மிக அரிது. அச்சுக்குப் போகும் முன் வழக்கறிஞரும் படிக்க வேண்டும்.

வழக்கறிஞர் ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். 2011 பிப்ரவரியில் ஐ.ஐ.பி.எம். என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தையும் அதை நடத்திய அரிந்தம் சௌத்ரியையும் பற்றி சித்தார்த்த தேப் எழுதிய கட்டுரை 'கேரவ'னில் வெளிவந்தது. 50 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்கு வந்தது. இதழ் டெல்லியில், கல்வி நிறுவனத்தின் தலைமையகமும் டெல்லியில்; வழக்கோ அஸ்ஸாமின் சில்சரில் தொடுக்கப்பட்டது. இதழின் தரப்பைக் கேட்காமலேயே அந்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, கட்டுரை இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. அக்கட்டுரை தேப்பின் நூல் ஒன்றின் அத்தியாயம்; அந்நூல்கூட அந்த அத்தியாயம் இல்லாமலேயே இந்தியாவில் வெளியானது. உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்கை டெல்லிக்கு மாற்றிக்கொண்ட பிறகும், தடையை டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது 2018 பிப்ரவரியில்தான். ஒரு கட்டுரைக்காக ஏழாண்டுக் காலம் வழக்கறிஞர் கட்டணம் செலுத்தும் வசதி ஓர் இதழுக்கு இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் துணிச்சலை நான் இங்கேதான் காண்கிறேன்: பலரும் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ளும் இடத்தில் அவர்கள் வழக்கை நடத்தினார்கள். 2024இல் ஜம்முவில் ராணுவத்தினர் நடந்துகொண்ட விதம் பற்றிய கட்டுரையை நீக்கும்படி ஒன்றிய அரசு ஆணையிட்டபோதும், அதை நீக்கிவிட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

தமிழில் நீண்ட கட்டுரைகளுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. சிற்றிதழ்கள் இருபது, முப்பது பக்கக் கட்டுரைகளைத் தயங்காமல் வெளியிட்டன. அவற்றை வரி விடாமல் படித்துவிட்டு மறுப்பு எழுதியவர்களும் இருந்தார்கள். ஆகவே வாசகரின் பொறுமையின்மை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அக்கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆசிரியர் தம் சொந்த நேரத்தில், சொந்தச் செலவில், ஊதியமின்றி எழுதியவை. இலக்கிய விமர்சனத்தையும் தத்துவ விவாதத்தையும் அப்படி எழுதிவிடலாம். ஒரு மணல் குவாரியின் கணக்கைத் தோண்ட அப்படி முடியாது. அதற்கு ஆறு மாதச் சம்பளமும் பயணப்படியும் வேண்டும். அதைக் கொடுக்கக்கூடிய பெரிய நிறுவனங்கள் வார இதழ்களின் இரண்டு பக்கக் கட்டுரைகளோடு நின்றுவிட்டன. கொடுக்க விரும்பும் சிறிய இதழ்களிடம், அச்சகத்துக்குத் தர வேண்டிய பாக்கியே தீர்ந்திருப்பதில்லை.