வாக்குரிமை வந்தவுடன் அமெரிக்கப் பெண்களால் தேர்தலில் போட்டியிடவும் முடிந்ததா?

எல்லா இடத்திலும் இல்லை. 1920-இல் வந்த, அமெரிக்க அரசியலமைப்பின் 19-ஆவது திருத்தம் பேசுவது வாக்களிக்கும் உரிமையைப் பற்றி மட்டும்தான். யார் எந்தப் பதவிக்கு வரலாம் என்பதை மாநில அரசியலமைப்புகள் தனியாக எழுதி வைத்திருந்தன. அதை மாற்றப் பெரும்பாலும் மக்கள் வாக்கெடுப்பு தேவைப்பட்டது.

அயோவா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டமன்ற உறுப்பினர் 'சுதந்திரமான வெள்ளை ஆண்' குடிமகனாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 1880-இல் 'சுதந்திரமான வெள்ளை' என்பதை நீக்கினார்கள். 'ஆண்' என்ற சொல் மட்டும் இன்னும் 46 ஆண்டுகள் அங்கேயே இருந்தது! 1926 வாக்கெடுப்பில்தான் அது போனது. இரண்டே ஆண்டுகளில், 1928-இல், கரோலின் பென்ட்ரே என்ற பெண்மணி சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

எனக்கு மனம் ஆறாத கதை ஓக்லஹோமாவுடையது. அங்கே பெண்களுக்கு 1918-லேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. 1920-இல் ஆலிஸ் ராபர்ட்சன் என்ற பெண்மணியை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார்கள். (அவர் பெண்கள் வாக்குரிமையை எதிர்த்தவர் என்பது வேறு விஷயம்.) வாஷிங்டனில் நாட்டுக்கே சட்டம் இயற்றிய அவர், சொந்த மாநிலத்தில் ஆளுநர் பதவிக்கு நிற்க முடியாது. அந்த ஊர் ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், நம் முதலமைச்சர் மாதிரி. அந்தப் பதவியும் வேறு சில உயர் பதவிகளும் ஆண்களுக்கு மட்டும் என்று அரசியலமைப்பிலேயே இருந்தது. மக்கள் வாக்களித்து அதை நீக்கியது 1942-இல். அப்புறமும் காத்திருப்பு நீண்டது: மேரி ஃபாலின் முதல் பெண் ஆளுநராகப் பதவியேற்றது 2011-இல்.