மீன்தொட்டி கேள்வி பதில்: கடி வாங்குன ஏஞ்சல் பிழைக்குமா?

கேள்வி: வணக்கம் சார். எங்க வீட்ல 2 அடி தொட்டி இருக்கு, அதுல 4 டைகர் பார்ப் மீனும் ஒரு ஏஞ்சல் மீனும் விட்டிருந்தோம். முதல் ரெண்டு வாரம் நல்லாதான் போச்சு. இப்ப ஏஞ்சலோட அடியில நூல் மாதிரி தொங்குமே, அது ரெண்டும் இல்ல, வாலும் கிழிஞ்சு கிழிஞ்சு இருக்கு, ஃபில்டருக்கு பின்னாடியே போய் நிக்குது, சாப்பாடு போட்டா வெளிய வர்றதில்ல. கடையில கேட்டதுக்கு நீல மருந்து 10 சொட்டு விடுங்க, உப்பு போடுங்கன்னாங்க. என் பொண்ணு ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு பாக்குறா. காப்பாத்த முடியுமா?
(திருச்சியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முடியும்மா. நீங்க எழுதினத வச்சு பாத்தா உடம்புல புண் இல்ல, துடுப்பு மட்டும்தான் போயிருக்கு. துடுப்போட அடிவேர் சதை நல்லா இருந்தா திரும்ப வளரும், நானே நிறைய தடவ பாத்திருக்கேன். ஆனா நீல மருந்த இப்ப தொடாதீங்க, முதல்ல ஏஞ்சல தனியா பிரிங்க. கடிக்கிற டைகர் பார்புங்க பக்கத்துலயே இருக்குற வரைக்கும் எந்த மருந்து ஊத்தியும் பிரயோஜனம் இல்ல, காலைல ஆறுனத சாயங்காலம் மறுபடி கடிச்சிரும்.

வலை போட்டு துரத்தி பிடிக்காதீங்க, மீன் மேல இருக்குற வழவழப்பு இருக்குல்ல, அதுதான் அதோட கவசம், வலையில உரசுனா அதுவும் போயிரும், ஒரு பெரிய டப்பாவ தண்ணிக்குள்ள சாய்ச்சு மெதுவா உள்ள ஓட்டி எடுங்க. 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்னு போதும், சோப்பு படாத புதுசா இருக்கணும். தண்ணி பழைய தொட்டியிலருந்தே எடுங்க. கல்லு, மணல் எதுவும் வேண்டாம், ஒளிஞ்சுக்க ஒரு சின்ன மண்சட்டிய சாய்ச்சு வைங்க. ஏர் பம்ப்ல ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் மாட்டி, பெரிய தொட்டி ஃபில்டர்ல இருக்குற பஞ்சுல ஒரு துண்டு வெட்டி இதுக்கு பக்கத்துல போட்டுடுங்க, மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ தின்னுற பாக்டீரியா அந்த பஞ்சுலதான் குடியிருக்கு. மேல ஒரு துண்டு போட்டு பாதி மூடி இருட்டாக்கிடுங்க. சூடு 26லருந்து 28 டிகிரி இருந்தா நல்லது, உங்க ஊர்ல பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது.

உப்பு விஷயத்துல கடைக்காரர் சொன்னது சரிதான், ஆனா எதுக்குன்னு தெரிஞ்சுட்டு போடுங்க. நன்னீர் மீனோட ரத்தம் சுத்தி இருக்குற தண்ணிய விட உப்பு அதிகம், அதனால தண்ணி எப்பவும் உடம்புக்குள்ள ஏறிக்கிட்டே இருக்கும், கிட்னி அத வெளியேத்திக்கிட்டே இருக்கும். காயம் பட்டா தண்ணி இன்னும் வேகமா ஏறும், மீன் அதுலயே களைச்சுப் போயிரும். வெளித்தண்ணியில கொஞ்சம் உப்பு இருந்தா அந்த வேலை குறையும், அவ்வளவுதான். லிட்டருக்கு 1 கிராம் போதும், அதாவது 20 லிட்டருக்கு 20 கிராம், தராசுல நிறுத்துக்கோங்க. வீட்டு கல்லு உப்பே போதும், அந்த அளவு அயோடின் மீன ஒன்னும் பண்ணாது. தனி மக்குல கரைச்சு ஒரே தடவையா ஊத்தாம மூணு நாலு மணி நேரத்துல பிரிச்சு ஊத்துங்க. தினம் 5 லிட்டர் மாத்துங்க (குழாய் தண்ணின்னா குளோரின் எடுக்குற சொட்டு விட்டுட்டு), மாத்துன 5 லிட்டருக்கு மட்டும் 5 கிராம் சேருங்க. ஆவியாகி குறைஞ்ச தண்ணிய நிரப்பும்போது உப்பு சேர்க்கக் கூடாது, ஏன்னா தண்ணி மட்டும்தான் ஆவியாகும், உப்பு அங்கயேதான் இருக்கும். பெரிய தொட்டியில உப்பு போடாதீங்க, சில செடிங்க உப்ப தாங்காது.

அப்புறம் அந்த நீல மருந்து, மெத்திலின் புளூ. அத பெரிய தொட்டியில ஊத்துனா நான் சொன்ன அந்த பாக்டீரியாவையும் சேத்து கொன்னுடும். பல வருஷத்துக்கு முன்னாடி நான் அப்படித்தான் ஊத்தினேன், ஒரு மீனோட காயத்துக்காக. நாலாவது நாள் அம்மோனியா ஏறி நல்லா இருந்த மீனெல்லாம் மேல வந்து வாயப் பிளந்துச்சு, அத நெனைச்சா இன்னிக்கும் மனசு கஷ்டமா இருக்கு.

முதல் நாள் சாப்பாடு போடாதீங்க, ஏஞ்சல் ரெண்டு மூணு நாள் பட்டினி தாங்கும். ரெண்டாவது நாள் உறைய வச்ச பிளட்வார்ம் (மீனுக்கு போடுற சின்ன சிவப்பு புழு) ரெண்டு மூணு, அஞ்சு நிமிஷத்துல திங்கலன்னா எடுத்துடுங்க. ஒரு வாரம் பத்து நாள்ல ஓரத்துல கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிசு விளிம்பு தெரியும், அது புது துடுப்பு, நிறைய பேர் அத பூஞ்சைன்னு நெனைச்சு பயந்து மருந்து ஊத்திடுவாங்க. பூஞ்சைன்னா பஞ்சு ஒட்டுன மாதிரி புசுபுசுன்னு நிக்கும். துடுப்போட அடியில ரத்தக்கோடு, இல்ல தினம் தினம் ஓரம் வெள்ளையாகி கரைஞ்சு உள்ள போறதுன்னு பாத்தீங்கன்னா அப்ப மீனுக்குன்னே விக்கிற பாக்டீரியா மருந்து வாங்கணும், அதுவும் டப்புக்குள்ள மட்டும். நூல் துடுப்பு வளரும்போது கொஞ்சம் கோணலா வரலாம், பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

ஆறுன பிறகு திரும்ப அங்கயே விடலாமான்னு கேப்பீங்க. விடாதீங்க. டைகர் பார்ப் கெட்ட மீன் இல்ல, அது கூட்டமா வாழுற மீன், 8, 10 இருந்தா தங்களுக்குள்ளயே துரத்தி விளையாடிக்கும், 4 மட்டும் விட்டா அந்த துரத்தல் பக்கத்துல இருக்குறவன் மேல திரும்பும், அதுவும் ஆடி ஆடி போற நீள துடுப்ப கண்டா சும்மா இருக்காது. இந்த ரெண்டையும் ஒன்னா வித்ததே தப்புன்னு நான் சொல்லுவேன். பார்ப் நாலையும் வளர்க்குற யாருக்காவது குடுத்துடுங்க, இல்லன்னா ஏஞ்சலுக்கு உயரமான தொட்டி பாருங்க, அது வளந்தா மேலருந்து கீழ 20 சென்டிமீட்டர் வரைக்கும் வரலாம், 1 அடி உயரம் பத்தாது.

கேள்வி: என் ஃபைட்டர் மீன் தனியாதான் இருக்கு, ஆனாலும் வால் கிழியுது. யார் கடிக்கிறா?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: பிளாஸ்டிக் செடி வச்சிருக்கீங்களா? ஒரு பழைய நைலான் துணிய அது மேல இழுத்து பாருங்க, நூல் மாட்டுனா வாலும் மாட்டும், தூக்கிடுங்க. இல்லன்னா ராத்திரி லைட் எரியும்போது கண்ணாடியில தன் நிழலப் பாத்து மோதுதான்னு கவனிங்க, பின்பக்கம் ஒரு காகிதம் ஒட்டுனா அடங்கிடும். சில ஃபைட்டர் தன் வாலையே கடிக்கும், அது இடம் பத்தாம போரடிச்சு பண்றதா இருக்கலாம். உங்க தெருவுல நாட்டு பாதாம் மரம் இருந்தா தானா உதிர்ந்த காஞ்ச இலை ஒன்னு கழுவி போடுங்க, மருந்து அடிக்காத மரமா இருக்கணும். தண்ணி டீ கலர்ல மாறும், அது தப்பில்ல, பயந்துபோய் மாத்திடாதீங்க.