வக்கீல் சொன்ன தொகை கடைசிவரை நிற்குமா?

கேள்வி: விவாகரத்துக்காக இரண்டு வக்கீல்களைப் பார்த்தேன். ஒருவர் மொத்தமாக ஒரு தொகை சொன்னார். மற்றவர், "மணிக்கணக்கில்தான் வாங்குவேன், மொத்தம் இப்போது சொல்ல முடியாது" என்கிறார். முதலில் பார்த்தவர் மலிவாகத் தெரிகிறார். என்னிடம் இருப்பது சேமிப்பு மட்டும்தான். எவ்வளவு ஒதுக்கி வைப்பது?

பதில்: மலிவா இல்லையா என்பது அந்தத் தொகை எதுவரைக்கும் என்று தெரிந்த பிறகுதான் தெரியும். மனு எழுதித் தாக்கல் செய்யும் வரைக்குமா, தீர்ப்பு நகல் உங்கள் கைக்கு வரும் வரைக்குமா? எதிர்த்தரப்பு வழக்காடினால், குறுக்கு விசாரணை வந்தால், இடைக்கால ஜீவனாம்சத்துக்குத் தனி மனு போட வேண்டியிருந்தால், அதெல்லாம் அந்தத் தொகையில் அடக்கமா? அப்பீல் பெரும்பாலும் அடங்காது. நீதிமன்றக் கட்டணம், சம்மன் செலவு, ஆவண மொழிபெயர்ப்பு, வீட்டை மதிப்பிடுபவருக்குக் கொடுப்பது எல்லாம் தனியாக வரலாம். பதிலை வாய்வார்த்தையாக விடாமல் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

செலவை உண்மையில் தீர்மானிப்பது, நீங்கள் இருவரும் எதில் ஒத்துப்போகிறீர்கள் என்பதுதான். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: குழந்தை யாரிடம், வீடு யாருக்கு, கடனை யார் அடைப்பது, ஜீவனாம்சம் எவ்வளவு, நகை. முடிந்துபோனதற்கு எதிரே ஒரு டிக். டிக் விழாத ஒவ்வொன்றும் ஒரு மனு, ஒரு எதிர்மனு, ஒரு கட்டு ஆவணம், பல வாய்தாக்கள். எல்லாவற்றிலும் டிக் விழுந்தால் பரஸ்பர சம்மத மனுவோடு முடியும், செலவும் பெரிதாக இறங்கும்.

அதே தாளை இரண்டு வக்கீல்களிடமும் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது எத்தனை மணி நேரம், அதிகபட்சம் எத்தனை என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, மனுவுக்கு 5 மணி, ஆவணங்களுக்கு 4 மணி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாய்தாவுக்குக் காத்திருப்பையும் சேர்த்து 3 மணி என்றால், 10 வாய்தாவுக்கு 30 மணி. பணம் போகும் வழி அங்கேதான் இருக்கிறது. வாய்தா தள்ளிப்போனாலும் அந்த நாளுக்கு பில் வருமா என்று மறக்காமல் கேளுங்கள். அதிகபட்சக் கணக்கை வைத்தே பணம் ஒதுக்குங்கள்.

மணிக்கணக்கு பில்லில் இன்னொன்றும் உண்டு. பல அலுவலகங்கள் நேரத்தை 6 நிமிடத் துண்டுகளாகக் கணக்கிடுகின்றன. நீங்கள் 7 நிமிடம் போனில் பேசினால் பில்லில் 12 நிமிடம் ஏறும். மனசு தாங்காமல் தினமும் போன் செய்வது இயல்புதான், அதில் தவறே இல்லை. ஆனால் அந்த ஆறுதலை அக்காவிடமோ நண்பரிடமோ தேடுங்கள். வக்கீலிடம் கேட்க வேண்டியதை வாரம் ஒருமுறை சேர்த்துக் கேளுங்கள். வங்கிக் கணக்கு விவரங்களை வருட வாரியாக அடுக்கி நீங்களே கொடுத்தால், அதற்காக ஜூனியர் உட்காரும் மணிகளும் மிச்சம்.

"கிடைக்கும் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விவாகரத்து வழக்கில் அப்படி வாங்குவதற்குப் பல நாடுகளில் தடை இருக்கிறது. செலவு மிச்சமாகும் என்று இருவருக்கும் ஒரே வக்கீல் போதும் என்று சொல்லப்பட்டாலும், கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை உங்களுக்கான ஒருவரிடம் காட்டுங்கள். அதற்கு ஒரு மணி நேர ஃபீஸ் கொடுத்தாலும் பரவாயில்லை.

சேமிப்பைத் தொடுவதற்கு முன், இலவச சட்ட உதவிக்கு நீங்கள் தகுதியா என்று விசாரியுங்கள். துணைவருக்கு வருமானம் அதிகமாக இருந்தால், உங்கள் வழக்குச் செலவை அவர் தர வேண்டும் என்று இடையிலேயே உத்தரவு கேட்கப் பல சட்டங்களில் வழி உண்டு. முதல் சந்திப்பிலேயே இதைக் கேளுங்கள்.

கேள்வி: பாதியில் வக்கீலை மாற்றினால் கொடுத்த பணம் போய்விடுமா?

பதில்: செய்த வேலைக்கான தொகை திரும்ப வராது. மீதி முன்பணம் வருமா என்பது நீங்கள் எழுதி வாங்கிய தாளைப் பொறுத்தது. புதிய வக்கீல் வழக்கு ஆவணக் கட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், அந்த நேரத்துக்கும் ஃபீஸ் உண்டு. ஆகவே மாற்றுவதென்றால் சாட்சி விசாரணை தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.