பட்டறைச் சுவரில் பலகை அடிக்கலாமா?

கேள்வி: நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பிய சின்ன தச்சுப் பட்டறை என்னுடையது. சுவருக்குப் பூச்சு இல்லை. மழை நாட்களில் உளி, ரம்பம் எல்லாம் துருப்பிடிக்கின்றன. சுவர் முழுக்க பாலித்தீன் தாள் ஒட்டி, அதன் மேல் பிளைவுட் அடித்துக் கருவிகளை மாட்டலாமா?

பதில்: நீங்கள் சொல்வதை அப்படியே செய்து பார்த்தவன் நான். ஒரு மழைக்காலம் முடிந்து பலகையைக் கழற்றினேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், கீழ் ஓரத்தில் இரண்டு அங்குலம் விரலால் கிள்ளினால் உரிந்து வந்தது. அதில் மாட்டியிருந்த இழைப்புளியின் அடித்தகட்டில் திட்டுத் திட்டாகத் துரு. அதைத் தேய்த்துச் சமமாக்க ஒரு வாரச் சாயங்காலங்கள் போயின.

அதனால் முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு அடி சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் முன்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது. பின்பக்கம் நனைந்திருந்தால் சுவர் வழியாக வருகிறது.

சுவர் வழியாக வருகிறதென்றால் உள்ளே பலகை அடித்துப் பயனில்லை, வேலை வெளியில்தான். கூரைத் தண்ணீர் சுவரில் வழிகிறதா, காரை இடுக்குகள் விட்டிருக்கின்றனவா, மண் மேடேறிச் சுவரைத் தொடுகிறதா? வெளி மண் மட்டம் ஓதத் தடுப்புப் படலத்துக்கு (தரை ஈரம் சுவரில் ஏறாமல் சுவரின் அடியில் போடும் அடுக்கு) அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். என் பட்டறையில் குற்றவாளி, சுவரோரம் நானே குவித்து வைத்த மரத்தூள்!

காற்றின் ஈரம் என்றால் கணக்கு வேறு. 25 டிகிரி வெப்பத்தில் 70 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, ஏறக்குறைய 19 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீராகப் படியும். இரும்பும் செங்கலும் இரவில் குளிர்ந்து, காலையில் மெதுவாகத்தான் சூடேறும். ஆகவே வெளியே புழுக்கமான காலை வேளையில் ஜன்னலை அவசரமாகத் திறக்காதீர்கள். பச்சை மரத்தை உள்ளே அடுக்காதீர்கள். அப்புறம், பசை காய்ச்சும் கேஸ் அடுப்பு: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோ தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது.

சரி, இதையெல்லாம் முடித்தபின் பலகைக்கு வரலாம். பூச்சி, பூஞ்சணம் பிடிக்காமல் மருந்தேற்றிய, இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குல ரீப்பரை (மரச்சட்டத்தை)ச் செங்குத்தாகச் சுவரில் அடியுங்கள். படுக்கையாக அடித்தால் காற்று மேலே ஏறாது. ஒவ்வொரு ரீப்பருக்குப் பின்னாலும் அதன் அகலத்துக்கு மட்டும் பாலித்தீன் பட்டை போதும், சுவர் முழுக்க வேண்டாம். ரீப்பர்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 16 அங்குலம் விட்டால், 4 அடி ஷீட்டின் இணைப்பு ரீப்பர் மேலேயே விழும். பிளைவுட் 18 மி.மீ. இருக்கட்டும். கீழே இரண்டு அங்குலம், மேலே ஒரு அங்குலம் திறந்து விடுங்கள். எலித் தொல்லை இருந்தால் அந்த இடுக்கில் கம்பி வலை. பலகை ஏற்றும் முன் ரீப்பர் நிற்கும் இடங்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து வைக்காவிட்டால், பிறகு பலகையைத் தட்டித் தட்டித் தேட வேண்டியதுதான்.

கருவிகளை மாட்டுவதற்கு ஓட்டைப் பலகை (வரிசையாகத் துளையிட்டுக் கொக்கி செருகும் பலகை) எனக்குப் பிடிக்காது. சுத்தியலை எடுக்கும்போது கொக்கியும் கையோடு வரும். அதைவிட, ஒரு பலகையை நீளவாக்கில் 45 டிகிரி சரிவாக அறுத்தால் இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஒன்றைக் கூர்முனை மேலே, சரிவு சுவரைப் பார்க்கும்படி பிளைவுட்டில் முடுக்குங்கள், ஸ்க்ரூ ரீப்பருக்குள் இறங்கட்டும். மற்றதைத் தலைகீழாக்கி உளித்தாங்கியின் முதுகில் பொருத்துங்கள். மேலிருந்து இறக்கினால் கவ்விக்கொள்ளும், தூக்கினால் இடம் மாற்றலாம்.

கேள்வி: ட்ரில் போட்டாலே என் செங்கல் உதிர்கிறது. ஸ்க்ரூ பிடிக்கத் துளையில் செருகும் பிளக் நிற்கவில்லை. என்ன செய்ய?

பதில்: ட்ரில்லின் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு, மெல்லிய பிட்டில் தொடங்கிப் பெரிதாக்குங்கள். காரை இடுக்கிலோ செங்கல் விளிம்பிலோ வேண்டாம், நடுக்கல்லில் போடுங்கள். துளைத் தூசியை ஊதி எடுக்காமல் பிளக் செருகினால் எந்தச் சுவரிலும் நிற்காது. ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.